இன்பச் சவாரியும் உயிர்க்கடனும்

தன் கால்களால் எளிதில் நடந்து சுற்றிவரக்கூடிய ஓரிடத்தைப் பிறிதோர் உயிரின் முதுகிலமர்ந்து சுற்றிவருவதற்கு மனிதன் பணங் கொடுக்கின்றான். சுமந்த உயிருக்கு அவனிடத்தில் ஏதேனும் உரிமை உண்டா? கொடுத்த பணத்தோடு அவனுடைய கடன் தீர்ந்துவிடுகின்றதா? இவை அற்பமான வினாக்களாகத் தோன்றலாம். எனினும், உழைப்பிலிருந்து பிறக்கும் இன்பத்தை ஒருவர் நுகர, அவ்வுழைப்பின் பின்விளைவை வேறொருவர் தாங்கும் ஏற்பாடுகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இவ்வினாக்களும் உண்டு. மலைநாட்டில் அத்தகைய ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற்கு ஏப்பிரல் மாதம் 'சீசன்' காலமாகும். தமிழரும் சிங்களவரும் அவ்வாங்கிலச் சொல்லையே தத்தம் மொழிச் சொல்லாக்கிக்கொண்டனர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் ஆகியவற்றைக் காணக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங் குடும்பமாக மக்கள் வந்து குவிவர். தேசாதிபதி வில்லியம் கிரகரி 1873இல் அமைப்பித்த வாவியின் கரையிலும் பந்தயத்திடலின் ஓரத்திலும் சேணம் பூட்டிய மட்டக்குதிரைகள் அப்போது காத்து நிற்கும். குளிர்ச்சட்டை அணிந்த சிறுவர்கள் அவற்றின்மேல் ஏற்றப்படுவர், ஓர் இளைஞன் கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்வான், தந்தை படமெடுப்பார். சில நிமிடங்களிற் சவாரி முடிந்துவிடும். ஏப்பிரலும் முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கி விடுதிகள் வெறுமையடைந்தபின் இக்குதிரைகளுட் பல கயிறின்றி நகரில் அலைவதைக் காணலாம். அவை வீதியோரப் புல்லை மேயும். குப்பைமேடுகளிற் கிடக்கும் மரக்கறிக் கழிவைப் பொலித்தீனோடு சேர்த்துத் தின்னும். இரவில் வாகனங்களில் அடிபடுவதும் உண்டு. சீசன் என்னுஞ் சொல் வந்துபோகின்றவனுக்கு ஒரு மாதத்தைக் குறிக்கும். எஞ்சிய பதினொரு மாதங்களும் குதிரைக்கு உரியவை.

உலகின் வடகோடியிலும் இதே ஏற்பாடு வேறு கோலத்தில் நிகழ்கின்றது. நோர்வேயின் துரொம்சோவிலும், பின்லாந்தின் லாப்லாந்துப் பிரதேசத்திலும், கிறீன்லாந்திலும் ஹஸ்கி முதலிய நாயினங்கள் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில் உல்லாசப் பிரயாணிகள் ஏறிச் செல்கின்றனர். அவர்கள் மீண்டு வந்து கூறும் செய்திகளில் ஒருவகை ஒற்றுமை காணப்படுகின்றது. புறப்படுமுன் நாய்கள் எழுப்பும் பேரொலி, வண்டி நகர்ந்த கணத்தில் அது முற்றாய் அடங்கிப் பனியிற் பாதங்கள் பதியும் ஓசை மாத்திரம் கேட்டல், முகத்தை அறுக்கும் குளிர், இறங்கியபின் நாய்களைத் தழுவிக்கொள்ளுதல் என்பன ஏறத்தாழ எல்லார் வாயிலும் வரும். இறுதியில் ஒரு தீர்ப்பும் வரும்: அவை ஓடுவதற்காகவே பிறந்தவை, ஓடுவதை அவை விரும்புகின்றன. பிரயாணியின் மனச்சான்று அமைதி கொள்வது இத்தீர்ப்பினாலேயே ஆதலின் இதனைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும்.

இத்தீர்ப்பிற் பொய்யில்லை. சைபீரியாவின் வடக்கேயுள்ள சோகோவ் தீவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வண்டியிழுக்கும் நாய்களை வளர்த்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. அத்துணை நெடுங்காலம், ஓட விரும்பிய நாய்க்கே உணவும் சந்ததியும் அளிக்கப்பட்டன; விரும்பாதது ஒதுக்கப்பட்டது. ஆகவே இன்றைய நாயின் ஆர்வம் மெய்யானதே. ஆனால் அவ்வார்வத்தை ஆக்கியவன் எவனோ அவனே அதனைச் சம்மதம் என்று எடுத்துக்காட்டுகின்றான். ஒருவன் தன் கையாலேயே எழுதிய ஆவணத்தைத் தனக்குச் சான்றாக நீட்டுவது போன்றதே இது. மேலும், நாயின் ஊளையில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. நாளின் பெரும்பகுதியும் குறுகிய சங்கிலியிற் கட்டப்பட்டிருக்கும் பிராணிக்கு ஓட்டம் என்பது சங்கிலியிலிருந்து பெறும் விடுதலையுமாகும். ஓடுவதில் உள்ள விருப்பம் எவ்வளவு, கட்டவிழ்வதில் உள்ள விருப்பம் எவ்வளவு என வண்டியிலிருப்பவன் பிரித்தறிய முடியாது. நுவரெலியாக் குதிரையின் நிலை இவ்வகையில் ஐயத்துக்கு இடமற்றது. அது ஆர்வத்தால் ஊளையிடுவதுமில்லை, துள்ளுவதுமில்லை. நிறுத்தப்பட்ட இடத்தில் நிற்கின்றது; இழுக்கப்பட்ட திசையில் நடக்கின்றது.

பயன்படுத்தல் என்பதே தீது எனக் கொள்வது இலகுவானது. ஆனால் அது சரியன்று. இனுயிற் வேட்டுவனுக்கு நாய் இன்றியமையாத துணையாயிருந்தது. கடற்பனியின் மீது அவன் செல்லும் தூரமெல்லாம் அதுவும் சென்றது. வேட்டை கிடையாத நாளில் இருவரும் பட்டினி கிடந்தனர். அங்கு பரிவுரை எதுவும் வழங்கவில்லை. நாயைச் சாட்டையால் அடித்தனர், உதவாதபோது கொன்றனர், பெரும்பஞ்சத்தில் உண்டனர். ஆயினும் ஆபத்தை இருவரும் ஒருங்கே ஏற்றனர் என்பதை மறுத்தற்கில்லை. இங்கே புனைந்துரை வேண்டாம். 1911இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சென் 52 நாய்களோடு புறப்பட்டுப் பதினொன்றோடு மீண்டார். ஏனையவற்றுட் பலவற்றை வழியிற் கொன்று மனிதருக்கும் எஞ்சிய நாய்களுக்கும் உணவாக்குவது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட திட்டமாகும். அது கொடிய கணக்கு. எனினும் அக்கணக்கை எழுதியவர் தம் உயிரையும் அதே ஏட்டில் வைத்திருந்தார். உல்லாசப் பிரயாணி எதனையும் வைப்பதில்லை. அவன் காப்புறுதியோடு வருகின்றான்.

1925ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டைக்கரப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 150 நாய்கள், இருபது வண்டியோட்டிகளின் கீழ் அஞ்சல் முறையில் 674 மைல் தூரம் மருந்தை ஐந்தரை நாளிற் கொண்டுசேர்த்தன. இறுதிக் கட்டத்தில் முன்னோடிய பால்ற்றோ என்னும் நாய்க்கு அவ்வாண்டிலேயே நியூயோர்க்கில் வெண்கலச் சிலை எழுந்தது. சிலை நிற்கையில், அதே நாயும் அதன் தோழர்களும் கைமாறி விற்கப்பட்டு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காசு கொடுத்துப் பார்க்கும் ஒரு மலிவுக் காட்சிச்சாலையிற் பேணுவாரின்றிக் கட்டப்பட்டுக் கிடந்தன. 1927இல் கிளீவ்லாந்து நகரத்து மக்கள் நிதி திரட்டி அவற்றை மீட்டனர். அந்நிதியிற் பள்ளிப் பிள்ளைகளின் சில்லறைக் காசும் இருந்தது. சிலை எழுப்புதல் ஒரு நாளைச் செலவு. உணவளித்தல் நாள்தோறும் செலவு. புகழ் பெற்ற நாய்க்கே இந்நிலையெனின் பெயரறியா நாய்களின் நிலை கூற வேண்டுவதில்லை.

கனடாவின் மேற்கிலுள்ள விசிலரில் 2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றது. விழாவை முன்னிட்டுப் பிரயாணிகள் பெருகுவர் என்னும் நம்பிக்கையில் நாய்வண்டிச் சவாரித் தொழில் விரிந்தது. விழா முடிந்தது; சவாரிக்கு ஆட்கள் குறைந்தனர்; அவ்வாண்டு ஏப்பிரலில் நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. மறுவருடம் அச்செய்தி வெளியானபின் ஐம்பதுக்கு மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அம்மாகாணம் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. இங்குக் கருதற்பாலது கொலையின் கொடுமை மட்டுமன்று. அந்நாய்களின்மீது சென்ற பிரயாணிகள் எவரும் நாய்களை வெறுத்தவரல்லர். பலர் அவற்றைத் தழுவி முத்தமிட்டே விடைபெற்றிருப்பர். அன்பு பொய்யன்று. ஆனால் அது டிக்கட்டின் காலவரையறையைத் தாண்டவில்லை. சுமந்த உயிரின் ஆயுளுக்கும் சுமக்கப்பட்டவனின் விடுமுறைக்கும் இடையிலுள்ள நீள வேறுபாட்டிலேதான் குற்றம் பிறக்கின்றது.

இவ்வேறுபாட்டைப் பண்டையோரும் உணர்ந்திருந்தனர். உரோம அரசியலாளர் கேற்றோ, முதுமையுற்ற அடிமைகளை விற்றுவிடும் வழக்கமுடையவர். ஸ்பானியப் போரில் தம்மைச் சுமந்த குதிரையையும், கப்பற் செலவு அரசுக்கு மிச்சமாகட்டும் என அங்கேயே விட்டுவந்தார். அவரது வரலாற்றை எழுதிய புளூட்டாக் இதனைச் சிக்கனமென்று புகழ மறுக்கின்றார். ஏதென்சில் கோயில் கட்டியபோது நன்குழைத்த கோவேறு கழுதைகளை அந்நகரத்தார் கட்டவிழ்த்து மேயவிட்டனர் என்றும், அவற்றுளொன்று தானாகவே மீண்டு வந்து, இழுக்கும் பிராணிகளுக்கு முன்னே நடந்து அவற்றை ஊக்கியதென்றும், அதற்கு ஆயுள்வரை பொதுப்பணத்தில் உணவளிக்கத் தீர்மானித்தனர் என்றும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். ஜேர்மானிய மெய்யியலாளர் காண்ட், விலங்குகளுக்கு நேரடியாகச் செலுத்தவேண்டிய கடன் எதுவும் மனிதனுக்கில்லை எனக் கொண்டவர். அத்துணை இறுக்கமானவரே, நெடுங்காலம் உழைத்த நாயை அது இயலாதாகியபோது சாகும்வரை காத்தல் வேண்டும் என மாணவர்க்குக் கற்பித்தார். அவர் கூறிய காரணம் நாயின் பொருட்டன்று, மனிதனின் மனிதத்தன்மையின் பொருட்டு என்பது பலருக்கு ஏமாற்றமளிக்கலாம். துன்பமுணரும் ஆற்றலே போதிய காரணம் என்று பெந்தம் 1789இல் வாதித்தது இன்னும் நேரியது. ஆயினும், கடன் உண்டோ இல்லையோ என்பதில் மாறுபடும் இருவரும், உழைத்துத் தேய்ந்த பிராணியைத் தெருவில் விடுவதை ஒப்பார் என்பது ஒன்று. இவ்வகையில் ஈழத்தவர்க்கு அயலூர்ச் சான்று வேண்டியதில்லை. நெடுந்தீவில் நீரின்றி வரட்சியில் மடியும் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் தேவைக்காக வளர்த்த இனத்தின் வழித்தோன்றல்களே. தேவை முடிந்தது, குதிரைகள் முடியவில்லை.

நுவரெலியாவிற்கு உல்லாசம் வந்த கதையும் விலங்குகளின் கதையே. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படும் மேஜர் றோஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்து இந்நகரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவருக்குப்பின் 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்க் கூட்டத்தையே கப்பலேற்றிக் கொணர்ந்து, மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்தும் வேட்டையை இங்கு நிலைநாட்டினார். அவ்வேட்டையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1854இல் வெளிவந்தது. ஒவ்வொரு நாயின் பெயரும் குணமும் அது மடிந்த விதமும் அதில் உருக்கத்தோடு கூறப்பட்டுள்ளன. சாமான் சுமந்து காடுதோறும் உடன்சென்ற கூலிகளிற் பெரும்பாலோர்க்கு அந்நூலிற் பெயரில்லை. விலங்கின்பாற் காட்டும் பரிவு மனிதர்பாற் காட்டும் நீதிக்கு உறுதிமொழியாகாது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மட்டக்குதிரையைப் பற்றிப் பேசும் கட்டுரையிற் கொழுந்து கொய்யும் பெண்ணைப் பற்றிப் பேசுவது, தோட்டத் தொழிலாளரை மந்தையாகக் கணக்கிட்ட துரைமாரின் ஏட்டைப் புதுப்பிப்பதாகிவிடக் கூடாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரு பிரதமர்களின் ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பகுக்கப்பட்ட மக்கள் அத்தகைய ஒப்புமையின் வலியை நன்கறிவர். ஒப்புமை பார்க்கப்படுவோர்க்கிடையே இல்லை. பார்ப்பவனின் பார்வையிலேயே உள்ளது. ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் வாகனங்கள் நிற்கின்றன. சரிவில் நிற்கும் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்க்கின்றனர், புன்னகை செய்கின்றனர், படம் எடுக்கப்படுகின்றது. அப்புன்னகையைக் கண்டவன், ஹஸ்கியின் ஊளையைக் கேட்டவன் கூறியதையே கூறுகின்றான்: மகிழ்ச்சியான மக்கள். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து சேர்ந்தாலன்றி முழு நாட்பேர் விழாது என்பதும், நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது என்பதும், லயத்து அறை தோட்ட வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் வேலையிலிருந்து ஓய்ந்தவர் தம் பிள்ளைகளின் பேரேட்டுப் பெயரையே நம்பி வாழ்ந்தனர் என்பதும் படத்தில் விழுவதில்லை. குதிரையிடம் கேட்டறிய வழியில்லை. ஆதலின் அதன் பொருட்டு மனிதன் தானே சிந்தித்துக் கணக்கிட வேண்டும். கொழுந்து கொய்பவளிடம் கேட்கலாம், அவள் தமிழில் மறுமொழி கூறுவாள், பெரும்பாலும் கூர்மையாகவே கூறுவாள். கேட்கத்தக்கவரிடம் கேளாமல் விடுவது, கேட்க இயலாத பிராணியின் நிலைக்கு அவரைத் தள்ளுவதாகும். நானு ஓயாவிற்கு 1885இல் புகையிரதப் பாதை வந்ததிலிருந்து அப்பாதையில் அழகு காணச் செல்வோர் தொகை பெருகியுள்ளது; கேட்போர் தொகை அவ்வாறு பெருகவில்லை.

தமிழ் மரபு இதில் முற்றிலும் குற்றமற்றது எனக் கூறிப் பெருமை கொள்வதற்குமில்லை. அகநானூற்றின் நான்காம் பாட்டிலே, தலைவியிடம் மீளும் தலைவன், மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையுமென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். உயிர்ப்பரிவின் உச்சமாக இதனை வகுப்பறைகளில் வியப்பது வழக்கம், வியக்கத்தக்கதே. ஆனால் அத்தேரை இழுத்து வருவன குதிரைகள். அவற்றின் கத்தரித்த பிடரியும் விரைவும் அழகாகக் கூறப்படுகின்றன, களைப்பு கூறப்படவில்லை. வழியில் எதிர்ப்பட்ட உயிருக்குப் பரிவும், சுமந்து வரும் உயிருக்குப் புகழும் கிடைக்கின்றன. சோழன் தேர்க்காலில் மடிந்த கன்றின் கதையும் அவ்வாறே. பசு மணியை அசைத்தது, நீதி எழுந்தது, தேரிற் பூட்டியிருந்தவற்றைப் பற்றிக் கதை பேசவில்லை. பயன்படும் உயிர் பயனுக்குள் மறைந்துவிடுகின்றது. அதனைக் காண்பதற்குப் பரிவு மட்டும் போதாது, ஒருவகைக் கணக்கறிவும் வேண்டும்.

அவ்வாறாயின் சவாரியை மறுத்துவிடுவதே நேர்வழி எனப் படித்த இளைஞர் பலர் கூறுவர். மறுப்பவரின் கை தூய்மையாயிருக்கும். குதிரையின் வயிறு நிறையாது. வாவிக்கரையிற் குதிரை பிடித்து நிற்பவன் செல்வனல்லன். சீசனிற் கிடைக்கும் பணத்தில் உரிமையாளனுக்குரியது போக எஞ்சுவதைக் கொண்டு வாழ்பவன் அவன். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2020இல் கொள்ளைநோய் பரவியபோதும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் மலைநாட்டில் பிரயாணிகளின் வரவு அற்றுப்போயிற்று. எவரும் சவாரி செய்யாத அக்காலங்களில் குதிரைகளுக்கு விடுதலை கிட்டவில்லை, தீனிக்கே வழி அருகியது. கிறீன்லாந்திலும் பனியுந்து வண்டிகளின் வரவாலும் கடற்பனி மெலிந்தமையாலும் வேலையிழந்த நாய்களின் தொகை ஒரு தலைமுறைக்குள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. வேலையற்ற நாயை வளர்ப்பார் இல்லை. உயிரை ஒருமுறை மனிதத் தேவைக்குள் இழுத்துவிட்டபின், தேவையை மட்டும் துறப்பது துறவாகாது. இப்பக்கத்து வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பசியைக் காட்டிச் சவாரியை நியாயப்படுத்துவோர், அடுத்த சீசனுக்கென மேலும் குட்டிகளைப் பெருக்குவதையும் அதே பசியைக் காட்டியே நியாயப்படுத்துவர். இருக்கின்ற குதிரைக்குரிய கடன் வேறு. இல்லாத குதிரையைப் பிறப்பிக்கும் உரிமை வேறு.

எனவே வினா, ஏறலாமா ஏறலாகாதா என்பதிலிருந்து, ஏறியவன் கொடுத்தது எதன் விலை என்பதற்கு நகர்கின்றது. வாவிக்கரையிற் கொடுக்கப்படும் காசு ஒரு சுற்றின் விலை. அதில் யூன் மாத மழைக்கொரு கொட்டில் இல்லை, லாடமில்லை, கால் முறிந்தால் வைத்தியமில்லை, பல் தேய்ந்த பின்னைய ஆண்டுகள் இல்லை. நோர்வேயிலும் பின்லாந்திலும் நன்கு நடத்தப்படும் சில பண்ணைகள் முதிர்ந்த நாய்களை வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கின்றன. அச்செலவும் சவாரிக் கட்டணத்திலிருந்தே வருகின்றது. குதிரைகளைப் பதிந்து, சீசன் வருமானத்தில் ஒரு பங்கைத் தீனிக்கென ஒதுக்குமாறு செய்வது நுவரெலியாவிலும் இயலாத காரியமன்று. அது நிகழ்ந்தாற் கட்டணம் உயரும், சவாரி செய்வோர் குறைவர், குதிரைகளின் தொகையும் காலப்போக்கிற் குறையும். மெய்யான விலையைக் கேட்டு எத்தனை பேர் ஏறுவர் என்பது அப்போது தெரியவரும். சட்டத்தை எதிர்பார்ப்பதிற் பெரும் பயனில்லை. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க இலங்கையில் 1907இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் விதித்த அதியுயர் தண்டப்பணம் நூறு ரூபா. ஒரு நூற்றாண்டு கடந்தும் அத்தொகை மாற்றப்படவில்லை. 1907இல் நூறு ரூபா ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். பிற்காலத்தில் அது வாவிக்கரையில் ஒரு கோப்பைத் தேநீருக்கும் காணாத தொகையாயிற்று.